இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில்

மாலை நான்கரைக்கே இருட்டிவிட்டது துர்க்குவில்.
ஜன்னலுக்குக் கீழே ஔரா ஆறு
உறைவதா ஓடுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.
நான் ஒரு படகைத் தேடிக்கொண்டிருந்தேன்.

லோவ்ஸ்கேர் தீவுக்குப் போகும் கடைசிப் படகு
அக்டோபரின் கடைசி ஞாயிறன்று மட்டும்
கால அட்டவணையிலிருந்து காணாமல் போகிறது.
கரையில் நிற்கிறது, மாலுமி காப்பி குடிக்கிறார்,
திரையில் மட்டும் இல்லை.
தீவிலிருந்து ஹில்க்கா என்றொருத்தி மூன்று கடிதம் போட்டுவிட்டாள்.
மூன்றாவதில் ஒரு கெட்ட வார்த்தை.

பிழைதிருத்தியை ஏவினேன்.
ஓடுகிற நிரலை அது சட்டையைப் பிடித்து நிறுத்தும்.
பையில் இருப்பதையெல்லாம் எடுத்து மேசைமேல் வைக்கச் சொல்லும்.
நான் ஒன்றை அழித்து வேறொன்றை எழுதினால்
மறுபேச்சில்லாமல் அதுவாகவே ஆகும்.
இத்தனை அதிகாரம் இருக்கிற அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது.
எதற்கு?
ஒன்பதாயிரத்து இருநூற்று இருபத்தொன்பது என்கிற அந்த வாசல்
என் கணினிக்கு உள்ளே, என் கணினிக்கு மட்டும் திறப்பது.
சவுனாவுக்கு யாராவது பூட்டுப் போடுகிறார்களா?

இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் நிறுத்தினேன்.
பசி.
பக்கத்துத் தாவலில் மீன் சூப் செய்முறை ஒன்றைத் திறந்தேன்.
சால்மன், உருளைக்கிழங்கு, பால், டில் தழை.
ஓரத்தில் விளம்பரம்: பனிக்கால டயர், பாதி விலை.
வெண்ணெய் எவ்வளவு என்று படித்துக்கொண்டிருந்தபோது
நிறுத்திய இடத்திலிருந்து நிரல்
ஒரு வரி நகர்ந்தது.

விசையில் என் கை இல்லை.
இருநூற்றுப் பதின்மூன்று.
இருநூற்றுப் பதினான்கு.
இருட்டில் யாரோ செருப்பில்லாமல் நடப்பதுபோல.

வலைக்கம்பியைப் பிடுங்கினேன்.
"ரைமோ" என்றேன். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

வெள்ளைப்பலகையில் அவன் வரைந்து காட்டினான்.
விளம்பரத்தின் வயிற்றுக்குள் ஒரு பக்கம்.
அது தன் பேரைச் சொன்னது.
உலாவி, பேர் சொன்னால் ஊர் சொல்லும் ஏட்டைப் புரட்டியது.
முதல் தடவை ஏதோ தூரத்து ஊர்.
ஒரு நிமிடம் போனபின் அதே பேர், அதே ஏடு, ஊர் மட்டும் வேறு:
நூற்று இருபத்தேழு, சுழி, சுழி, ஒன்று.
"அதாவது இங்கே" என்றான். "அதாவது நீ."
பேர் மாறவில்லை, பழைய ஆள்தான் என்று
உலாவி வழிவிட்டது.

"அந்த வாசலுக்கு ரகசிய எண் உண்டே, முப்பத்தாறு எழுத்தில்?"
"உண்டு. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லும்."

கன்னக்கோல் வைத்துச் சுவரைத் துளைக்கவில்லை எவரும்.
என் வீட்டுக்குள்ளிருந்தே
என் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

என்ன போயிற்று என்று பட்டியல் எழுதினோம்.
துறைமுகச் சேவையகத்தின் சாவி.
சீட்டு வாங்கியவர்களின் பேரும் தொலைபேசி எண்ணும்,
எட்டாயிரத்துச் சொச்சம்.
சோதனைக்குத்தானே என்று நான் ஒட்டிவைத்த
உண்மையான கடவுச்சொல்.
இதை எழுதும்போது ரைமோ என்னைப் பார்க்கவில்லை.
அந்தக் கருணை எனக்குப் பிடிக்கவில்லை.

இரவு இரண்டு மணிவரை சாவி மாற்றினோம்.
கருவியின் புதிய பதிப்பு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.
அதில் புதிதாக ஒரே ஒரு கேள்வி:
யார் வீடென்று நினைத்து வந்தாய்?
வந்தவன் வேறு பேர் சொன்னால் கதவு திறக்காது.
இதைக் கேட்கத் தெரியாமல்தான்
இத்தனை நாள் எல்லாரையும் உள்ளே விட்டிருக்கிறது.

படகும் கிடைத்தது, அந்தக் களேபரத்தின் நடுவில்.
கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும் ஞாயிறுக்கு
இருபத்தைந்து மணி நேரம்.
நான் இருபத்து நாலோடு நாளை முடித்துவிட்டிருக்கிறேன்.
பதினொன்று இருபதுக்குக் கிளம்பும் படகு
மிஞ்சிய அந்த மணி நேரத்துக்குள் விழுந்து கிடந்தது,
இருநூற்றுப் பதினான்காம் வரியில்.
உள்ளே வந்தவரும் அதைப் பார்த்திருப்பார்.
போகிறபோக்கில் சொல்லியிருக்கலாம்.

ஹில்க்காவுக்குப் பதில் எழுதினேன்:
படகு இனி வரும்.
அனுப்பிவிட்டு இன்னொரு கடிதம் தொடங்கினேன்,
உங்கள் தொலைபேசி எண் எங்களிடம் இருந்தது, என்று.
இருந்தது என்பதற்கு அடுத்த சொல்லில்
நிற்கிறேன் இன்னும்.